சாமி, எந்த மலைக்கு?

போன வாரம் பழைய கிளாஸ்மேட் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஸ்லாம் புக்கோட ஒரு பக்கம். ரோஸ் கலர் தாள், மூலையில் ஒரு கரடி பொம்மை, நடுவுல என்னோட கோழிக் கிறுக்கல். கீழே ஒரு வரி: "டேய், இதைப் படிச்சுட்டு என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கிறா."

ஸ்லாம் புக்னா என்னன்னு கேக்குற தலைமுறை வந்தாச்சு, அதனால ஒரு வரி விளக்கம். கடைசி செமஸ்டர்ல படிப்பைத் தவிர மத்த எல்லாமே நடக்கும் இல்லையா, அப்போ கிளாஸ் முழுக்க ஒரு நோட்டு சுத்தி வரும். அச்சடிச்ச கேள்விகள் இருக்கும், நாம பதில் எழுதணும். பிடித்த நடிகர், பிடித்த சாப்பாடு, மறக்க முடியாத அசிங்கம், இந்த நோட்டுக்குச் சொந்தக்காரரைப் பத்தி நாலு வரி. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் மனசாட்சியே இல்லாம பொய் எழுதுவோம்.

என் பக்கத்துல மூணு பதிலைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துருச்சு. பிடித்த நிறம்? நீலம். (காரணம் எங்க கிளாஸ்ல மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தது. இப்போ எங்கேயோ நல்லா இருப்பாங்க, விடுங்க.) யாரோடு பயணம் போக ஆசை? தனியா. பெரிய தேசாந்திரின்னு நினைப்பு. அதுவரைக்கும் தனியா போன அதிகபட்ச தூரம் திருச்சியில இருந்து தஞ்சாவூர். கடவுள் நம்பிக்கை உண்டா? செமஸ்டருக்கு செமஸ்டர்.

மூணாவது பதில் மட்டும் சத்தியமான உண்மை. எங்க காலேஜ் பசங்க பக்திக்கு ஒரு கால அட்டவணையே உண்டு. ஹால் டிக்கெட் கையில வந்ததும் பக்தி ஆரம்பிக்கும், ரிசல்ட் வந்ததும் முடிஞ்சுரும். சாதாரண பேப்பர்னா மலைக்கோட்டை அடிவாரத்துல மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு. எம்-3 மாதிரி கொலைகார பேப்பர்னா மூச்சு வாங்க படியேறி உச்சிப் பிள்ளையார் வரைக்கும் போயாகணும். நான் எம்-3யை மூணு தடவை எழுதினவன். அந்தப் படிக்கட்டு எனக்கு நல்லாத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இப்போ அதே பக்கத்தை நிரப்பச் சொன்னா மூணு பதிலையும் அடிச்சுட்டுத்தான் எழுதணும். காலேஜ் முடிச்ச அதே 2007-ம் வருஷம், கார்த்திகை மாசத்துல ஒருநாள் போன பஸ் பயணம்தான் காரணம். கூட வந்தவர் என் பெரியப்பா.

பெரியப்பாவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல சட்டையைப் பத்திச் சொல்லணும். ரிடையர்டு அறிவியல் வாத்தியார். பெரியார் தொண்டர். வெள்ளை வேட்டி, கறுப்புச் சட்டை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து வேற கலர்ல அவரைப் பார்த்ததே இல்லை. அவர் கல்யாணமும் தாலி, ஐயர், ஹோமம் எதுவும் இல்லாத சுயமரியாதைத் திருமணம்தான். அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ அந்தக் கல்யாணங்களுக்குச் சட்டம் வந்துச்சே, 1967-ம் வருஷச் சட்டம், அதைத் தேதி, பிரிவு எல்லாம் சேர்த்து ஒப்பிப்பார். நாங்க கேக்காமலே.

இதுல வேடிக்கை என்னன்னா, தமிழ்நாட்டுல ரோட்டோரம் ஒரு வருஷம் நின்னு பார்த்தீங்கன்னா உங்களுக்குக் காலண்டரே வேண்டாம். மார்கழி, தை மாசம்னா பஸ் பஸ்ஸா சிவப்புப் புடவை மேல்மருவத்தூருக்குப் போகும். மாசி, பங்குனி வந்தா எங்க திருச்சி ரோடெல்லாம் சமயபுரத்துக்கு நடக்குற மஞ்சள் புடவை. ஆகஸ்ட் கடைசியில தஞ்சாவூர் ரோட்டைப் பிடிச்சு வேளாங்கண்ணிக்கு நடக்குறவங்க காவி. திருச்செந்தூருக்குப் பச்சை. கார்த்திகை பிறந்துட்டா கறுப்பு. கழுத்துல மாலை, கால்ல செருப்பு கிடையாது, வாயைத் திறந்தா 'சாமி சரணம்'.

கழகக் கொடியோட கறுப்பும் ஐயப்ப பக்தரோட கறுப்பும் ஒரே கறுப்பு. ஜவுளிக்கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால எங்க பெரியப்பா வருஷத்துல பத்து மாசம் நாத்திகர், ரெண்டு மாசம் 'சாமி'. பால்காரர் "சாமி, எத்தனை லிட்டர்?"னு கேப்பார். ஆட்டோக்காரர் "உக்காருங்க சாமி"ம்பார். "எந்த மலைக்கு சாமி?"னு யாராவது கேட்டுட்டா போச்சு, கேட்டவருக்கு அன்னிக்கு வேலை கெட்டுது. ஈரோட்டுல ஆரம்பிச்சு வைக்கம் வழியா அரை மணி நேரம் போவார். பால் திரிஞ்சே போயிரும்.

"ஒரு ரெண்டு மாசம் வெள்ளைச் சட்டை போட்டாத்தான் என்ன பெரியப்பா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "நான் ஏண்டா மாறணும்? நான் வருஷம் பூரா போடுறேன். அவங்க சீசனுக்குப் போடுறாங்க. யாரு ஒரிஜினல்?"

பதில் சொல்லுங்க பார்ப்போம்.

அறிவியல் வாத்தியாராச்சே, நிறத்தைப் பத்தி இன்னொன்னும் சொல்வார். கறுப்பு ஒரு நிறமே இல்லையாம். விழுற வெளிச்சத்தை எல்லாம் உள்ள வாங்கிக்கிட்டு எதையும் வெளியே திருப்பி அனுப்பாம இருக்கிறதுக்குப் பேருதான் கறுப்பாம். எங்க தமிழ் வாத்தியார்கிட்ட இதைச் சொன்னப்போ, தொல்காப்பியத்துல கறுப்பு, சிவப்பு ரெண்டுக்குமே கோபம்னு ஒரு பொருள் இருக்குன்னார். எனக்கு ரெண்டுமே எங்க பெரியப்பாதான்னு தோணுச்சு.

பெரியம்மா நேர் எதிர். கழகக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டதால வீட்டுல சாமி படம் கிடையாது. ஆனா அரிசி டப்பாவுக்குள்ள, அரிசிக்கு அடியில, ஒரு பாலிதீன் கவர்ல சமயபுரத்தம்மன் குங்குமம் உண்டு. முப்பத்தாறு வருஷமா டப்பாவுல அரிசி கொட்டுறது பெரியப்பாதான். அவருக்குத் தெரியாதாங்கறீங்க? எப்பவும் கால் டப்பா அரிசி மிச்சம் இருக்கும்போதே புது அரிசியை மேலே கொட்டிருவார். அடி வரைக்கும் காலி ஆனதே இல்லை.

குடும்பத்தோட கோயிலுக்குப் போனாலும் பெரியப்பா கூட வருவார். வாசல் வரைக்கும். அங்கே ஒரு திண்ணை பார்த்து உக்காந்து எங்க எல்லார் செருப்புக்கும் காவல். "உள்ள இருக்கிறவரு உங்களைக் காப்பாத்துவாரு. உங்க செருப்பை யாரு காப்பாத்துறது?" சின்ன வயசுல நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம், எல்லா வீட்டுலயும் ஒரு பெரியப்பாவை இதுக்குன்னு வெச்சிருப்பாங்கன்னு.

இப்போ எனக்குப் பிடிக்காத நிறம் எதுன்னு யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். மஞ்சள். பன்னெண்டு வயசுல எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. கண்ணு மஞ்சள், நகம் மஞ்சள், மத்ததும் மஞ்சள். கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனாங்க. நான் பிழைப்பேனாங்கிற நிலைமை ஒரு வாரம் இருந்துச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. அந்த வாரம்தான் பெரியம்மா வேண்டிக்கிட்டாங்க. ஒருத்தர்கிட்ட இல்லை, மூணு பேர்கிட்ட. சிக்கல் முருகன், நாகூர் ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா.

"ஏன் பெரியம்மா மூணு?"

"யாரு காதுல விழும்னு தெரியலை கண்ணு. அதான் மூணு இடத்துலயும் சொல்லி வெச்சேன். மூணும் ஒரே பஸ் ரூட்டுதானே."

நாம வேலைக்கு அப்ளிகேஷன் போடுற மாதிரிதான். வந்த வரைக்கும் லாபம். நான் பிழைச்சுக்கிட்டேன். ஆனா யாரு ஆர்டர் குடுத்தாங்கன்னு தெரியாததால மூணு பேருக்குமே கடன் பாக்கி. இன்னிக்குப் போறேன் நாளைக்குப் போறேன்னு பத்து வருஷம் ஓடிருச்சு. 2007 ஐப்பசியில பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துருச்சு. பேச்சும் குழறிப் போச்சு.

மூணு வாரம் கழிச்சு அவங்க பேசினதுல எங்களுக்குப் புரிஞ்ச முதல் வார்த்தை 'சிக்கல்'. உடம்புல என்ன சிக்கல்னு நாங்க பதறிட்டோம். பெரியப்பாவுக்கு மட்டும் புரிஞ்சுது. கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தவர், "நான் போய்க் குடுத்துட்டு வரேன்"னார். என் பக்கம் திரும்பி, "நீயும் வா. கடன் உன் பேருல இருக்கு. நான் வெறும் பேமெண்ட்டுதான்."

எனக்கு அப்போ வேலை கிடையாது. ரெஸ்யூமேயில 'பயணம்'னு பொழுதுபோக்கு எழுதி வெச்சிருந்தேன். கிளம்பிட்டேன்.

காலையில அஞ்சு மணிக்கு திருச்சியில பஸ். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்கள்ல பல ரகம் உண்டு, உங்களுக்கே தெரியும். நம்ம தோளைத் தலகாணியா நினைக்கிறவர். நம்ம பேப்பரோட நடுப்பக்கத்தை மட்டும் உரிமையோட உருவுறவர். ஏறினதும் "தம்பி எந்த ஊரு?"ன்னு ஆரம்பிச்சு இறங்குறதுக்குள்ள நம்ம சம்பளம், சாதி, ஜாதகம் மூணையும் வாங்கிடுறவர். பெரியப்பா இதுல எதுலயும் சேராதவர். ஜன்னல் ஓரத்தை எனக்குக் குடுத்துட்டு நடு சீட்டுல நிமிர்ந்து உக்காந்துட்டார். மடியில மஞ்சப்பை. உள்ள புளிச்சோறு பொட்டலம், ரெண்டு பெரியம்மா சொல்லி நான் எழுதின லிஸ்ட்டு, ஒரு டார்ச் லைட். பகல்ல போய்ப் பகல்ல வர்ற பயணத்துக்கு எதுக்கு டார்ச்னு கேட்டேன். "இருட்டு சொல்லிட்டா வரும்?"

கண்டக்டரும் மாலை போட்டவர். மாலை போட்டவங்களுக்கு உலகமே சாமிதானே. "சாமி, சில்லறை குடுங்க சாமி. சாமி, படியில நிக்காதீங்க சாமி." எங்க சீட்டுக்கு வந்தார். கறுப்புச் சட்டையைப் பார்த்து முகம் மலர்ந்து, "சாமி எந்த வருஷம்?" (எத்தனையாவது தடவை மலைக்குப் போறீங்கன்னு அர்த்தம்.)

"நாப்பத்தஞ்சாவது வருஷம்"னார் பெரியப்பா. கழகத்துல சேர்ந்து ஆன வருஷத்தைச் சொல்றார். கண்டக்டர் ஆடிப் போயிட்டார். குருசாமிக்கும் மேலே ஏதோ ஒண்ணுன்னு நினைச்சு டிக்கெட் காசை ரெண்டு கையாலயும் வாங்கினார். பெரியப்பா விளக்கம் சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள கூட்டம் அவரை முன்னால தள்ளிட்டுப் போயிருச்சு.

தஞ்சாவூர் தாண்டி நீடாமங்கலம், திருவாரூர். ரெண்டு பக்கமும் சம்பா பயிர். மழை விட்டு விட்டுப் பெய்யுது. அந்தப் பச்சையைப் பார்த்தப்போ ஸ்லாம் புக்ல நீலம்னு எழுதினது ரொம்ப அவசரம்னு தோணுச்சு. கீழ்வேளூர் வந்ததும் பெரியப்பா மெதுவா, "வெண்மணி இங்கேருந்து பக்கம்தான்"னார். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், ஒரே குடிசைக்குள்ள 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். கிறிஸ்துமஸ் ராத்திரி. அவர் அதுக்கு மேல எதுவும் சொல்லலை. நானும் கேக்கலை. அடுத்த ஸ்டாப் சிக்கல்.

சிக்கல் சிங்காரவேலர் கோயில். அம்மாகிட்ட முருகன் வேல் வாங்கின இடம். 'சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம்'னு நம்ம ஊர்ப் பாட்டிங்க சொல்வாங்க. ஐப்பசியில வேல் வாங்குற அன்னிக்கு முருகன் முகத்துல வியர்வை அரும்பும்னு நம்பிக்கை. இதை எனக்குச் சொன்னது யாருங்கறீங்க? கோயில் வாசல்ல என் ஷூவுக்குக் காவல் உக்காந்துக்கிட்டே பெரியப்பா. சாமி இல்லைன்னு சொல்றவருக்குத்தான் எல்லா சாமியோட விவரமும் தெரியும். நாம கும்பிடுறதோட சரி. "அது ஏன் வேர்க்குதுன்னு எனக்கு நாலு காரணம் தோணுது. அதை அப்புறம் சொல்றேன். இப்போ நெய் விளக்கை ஏத்திட்டு வா, பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவான்"னார்.

உள்ள போய் விளக்கு ஏத்தினேன். என்ன வேண்டுறதுன்னு தெரியலை. செமஸ்டர் இல்லை, ரிசல்ட் இல்லை. வந்த வேலைக்கு 'நன்றி'ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். வெளியே வந்தா நாலு குடும்பத்தோட செருப்பு பெரியப்பா முன்னாடி வரிசையா இருக்கு. ஆளைப் பார்த்ததும் நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க.

நாகூர்ல மழை பிடிச்சுக்கிச்சு. என் ஷூ ஊறிப் போச்சு. அதைக் கழட்டிப் பாலிதீன் பையில கட்டி மஞ்சப்பைக்குள்ள திணிச்சுக்கிட்டேன். தர்காவுக்கு அஞ்சு மினாரா. அதுல உயரமானது 131 அடி. "கட்டினது யாரு தெரியுமா? தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப் சிங்"னார் பெரியப்பா. இந்து ராஜா, முஸ்லிம் தர்கா, விளக்கம் சொல்றது நாத்திகர், கேக்குறது செமஸ்டர் பக்தன். கடைத்தெருவுல ஒரு கேசட் கடையில நாகூர் ஹனிபா குரல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இஸ்லாமியப் பாட்டுக்கும் அந்தக் குரல்தான், கழக மேடைப் பாட்டுக்கும் அந்தக் குரல்தான். அப்போ அவர் இருந்தார், 2015-லதான் மறைந்தார். பெரியப்பா அந்தக் கடை வாசல்ல நின்னவர் நின்னவர்தான். நான் தனியா உள்ள போனேன். பெரியம்மா லிஸ்ட்டுல இருந்தபடி, தகட்டுல செஞ்ச ஆள் உருவமும் சர்க்கரையும். ஒரு பெரியவர் ஓதிட்டு மயிலிறகால என் தலையில தொட்டார். "எங்கேருந்து வர்றீங்க?"ன்னார். திருச்சின்னேன். "உடம்புக்கு யாருக்கு?"ன்னார். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அந்தக் கேள்விக்கு 'பெரியம்மா'ன்னு சொல்லும்போது குரல் வரலை.

அவர் எதுவும் கேக்காம இன்னொரு பொட்டலம் சர்க்கரை மடிச்சுக் குடுத்தார். லிஸ்ட்டுல இல்லாதது.

நாகப்பட்டினத்துல இருந்து வேளாங்கண்ணி பஸ். சுனாமி வந்து மூணு வருஷம் ஆகலை அப்போ. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. வேளாங்கண்ணிக் கடற்கரையில யாத்திரை வந்தவங்க, கடை வெச்சிருந்தவங்கன்னு ஏராளமான பேர். பஸ் ஜன்னல் வழியா புதுசா கட்டின சுனாமிக் குடியிருப்புகள் தெரிஞ்சுது. பெரியப்பாவுக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்துருச்சு. மெதுவாப் பேசுற பழக்கம் வாத்தியார்களுக்கு ஏது? "கும்பிட வந்தவனையே தண்ணி இழுத்துட்டுப் போச்சேடா. அன்னிக்கு எங்க போனாரு இவங்க சாமி?"

முன் சீட்டுல ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். காலடியில மீன் கூடை, காலி. திரும்பிப் பார்த்தாங்க. சண்டை வரப்போகுதுன்னு நான் பெரியப்பா கையைப் பிடிச்சேன்.

"எனக்கும் அதே கேள்விதாங்க அய்யா"ன்னாங்க அந்த அம்மா. "அதைக் கேக்கத்தான் வாரா வாரம் போறேன்."

அவங்க வீட்டுல யாரு போனாங்கன்னு சொல்லலை. நாங்களும் கேக்கலை. பெரியப்பா நாப்பத்தஞ்சு வருஷமா எத்தனையோ மேடையில எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவர். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. இறங்கும்போது அவங்க கூடையைத் தூக்கிக் குடுத்தார்.

வேளாங்கண்ணி லிஸ்ட்டு: ஆள் உயர மெழுகுவர்த்தி. இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். வேண்டிக்கிட்டப்போ எனக்கு நாலரை அடி. கடன் கட்டுறப்போ அஞ்சு அடி பத்து அங்குலம். கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுப் பெரிய மெழுகுவர்த்தியா எடுத்தார். "இல்லைங்க, பேசினது நாலரை அடிதான்"னார் பெரியப்பா. "அது எப்படிங்க, ஆளு வளந்துட்டாருல்ல?" "வளந்தது எங்க சோத்துல." "அந்தச் சோத்தைத் தின்ன உசுரைக் குடுத்தது யாருங்க?" பெரியப்பா வாதத்துல தோத்து நான் பார்த்தது அன்னிக்கு மட்டும்தான். சாமி இல்லைங்கறவர், ஆனா சாமிகிட்ட அடிக்கணக்குல பேரம் பேசுறார். கடைசியில, "சரி விடு, பத்து வருஷ வட்டின்னு வெச்சுக்குறேன்"னு பெருசையே வாங்கினார்.

மெழுகுவர்த்தியைத் தோள்ல சாத்திக்கிட்டு நடக்குறப்போ ஈர மணல்ல சிக்கிப் பெரியப்பாவோட செருப்பு வார் அறுந்து போச்சு. ஊக்கு போட்டுப் பார்த்தார், நிக்கலை. ரெண்டையும் ஓரமா விட்டுட்டார். வெறுங்காலோட கோயில் வாசலுக்கு வந்தோம். வெள்ளைக் கோபுரம், பின்னால கடல் சத்தம். 1962-லயே பசிலிக்கா அந்தஸ்து வாங்கின கோயில், கூட்டம் அன்னிக்குக் கொஞ்சம்தான். நான் மெழுகுவர்த்தியை வாங்கக் கையை நீட்டினேன். வழக்கம்போல அவர் உக்கார ஒரு இடம் தேடுவார்னு நினைச்சேன். தேடினார். குனிஞ்சு கீழே பார்த்தார். என் ஷூ பைக்குள்ள. அவர் செருப்பு மணல்ல.

"காவல் காக்க ஒண்ணும் இல்லையேடா"ன்னார். என்கூட நடந்தார்.

கும்பிடலைங்க. அதை நான் சொல்லியாகணும், இல்லைன்னா அவர் கோவிச்சுக்குவார். கை கட்டி நிமிர்ந்துதான் நின்னார். ஸ்கூல் பிரேயர்ல வாத்தியார் நிப்பாரே, அப்படி. மெழுகுவர்த்தி ஏத்துற இடத்துல காத்து. தீப்பெட்டி நனைஞ்சு போயிருந்துச்சு. பக்கத்துல யாரோ ஏத்தி வெச்சிருந்த சின்ன மெழுகுவர்த்தியில இருந்து பத்த வெச்சார். அணைஞ்சுது. மறுபடி பத்த வெச்சார், மறுபடி அணைஞ்சுது. அப்புறம் ரெண்டு கையையும் குவிச்சுத் திரியைச் சுத்திக் கூரை மாதிரி பிடிச்சுக்கிட்டார். மெழுகு உருகிக் கையில சொட்டுது, எடுக்கலை. எவ்வளவு நேரம்னு நான் பார்க்கலை. கால் வலிச்சு நான் உக்காந்துட்டேன். அவர் நின்னுக்கிட்டே இருந்தார். உதடு மட்டும் அசைஞ்சுது.

வெளியே வந்ததும் கேட்டேன். "உள்ள ஏதோ சொன்னீங்களே பெரியப்பா?"

"பாரபின் மெழுகு அறுபது டிகிரி பக்கத்துல உருகும். இந்தத் தடிமனுக்கு எத்தனை மணி நேரம் எரியும்னு கணக்குப் போட்டேன்."

"எத்தனை மணி நேரம்?"

"கணக்கு வரலை"ன்னார்.

பெரியம்மாவைப் பத்திக் கேப்பீங்க. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாங்க. பேச்சு பாதிக்கு மேல திரும்பிச்சு. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுச் சமையக்கட்டு வரைக்கும் நடந்தாங்க. மெழுகுவர்த்தியா, சர்க்கரையா, நெய் விளக்கான்னு சொந்தக்காரங்க மூணு கட்சியாப் பிரிஞ்சு பேசினாங்க. பெரியப்பா நாலாவது கட்சி: தினம் காலையும் மாலையும் அவரே பிடிச்சுவிட்ட பிசியோதெரபி. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங்க... உள்ள... போனீங்களா?" அவர் கொல்லைப்பக்கம் கால் கழுவப் போயிட்டார். நான் ஆமான்னு தலையாட்டினேன். அவங்க சிரிச்சது ஒரு பக்க உதட்டுலதான். அது போதும்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை, திரும்பி வந்த பஸ். நாகையில ஏறினப்போ இருட்டிருச்சு. மழையில பஸ் லைட்டு வேற எரியலை. சீட்டு நம்பர் பார்க்கப் பெரியப்பா டார்ச்சை எடுத்து அடிச்சார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கறுப்புச் சட்டை, வெறும் கால், தோள்ல துண்டு, மடியில பை. அன்னிக்கு அவரைப் பார்த்து வேற என்னதான் நினைக்க முடியும்? பக்கத்து சீட்டுல ஒரு கன்னிச்சாமி, எட்டு வயசுப் பையன், கழுத்துல புது துளசி மாலை. அவனோட அப்பாவும் மாலை போட்டிருந்தார், தூங்கிட்டார். பையன் பெரியப்பாவோட காலைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான்.

"சாமி, எந்த மலைக்கு?"

நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். ஈரோட்டுல ஆரம்பிச்சா திருவாரூர் தாண்டிரும். பையன் பாவம். பக்கத்துல பையைத் திறக்குற சத்தம் கேட்டுச்சு. ஓரக்கண்ணால பார்த்தேன். நாகூர்ப் பெரியவர் மடிச்சுக் குடுத்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பையன் உள்ளங்கையில கொஞ்சம் கொட்டினார்.

"போயிட்டு வந்தாச்சு சாமி"ன்னார்.